இரண்டு விநாடி வேலை: ரியானன் இஃப்லாண்டும் ஒரு இருபது மீட்டர் கேள்வியும்

2025 ஜூலையில் சிங்கப்பூரில் உலக நீர்விளையாட்டு சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் ஹை டைவிங் போட்டியை மட்டும் செந்தோசா தீவின் பலவான் கடற்கரையில் கோபுரம் எழுப்பி நடத்தினார்கள். வீட்டில் அந்தக் காணொளியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆண்கள் உச்சித் தளத்திலிருந்து குதிக்கிறார்கள், 27 மீட்டர். பெண்களுக்கு அதற்குக் கீழே இன்னொரு தளம், 20 மீட்டர்.

"ஏன்ப்பா, பொண்ணுங்களுக்கு மட்டும் கீழ?" என்று மகள் கேட்டாள்.

"உடம்பு வாகு வேற இல்லம்மா, அடி தாங்காது" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. பொறியியல் படித்தவன், இயற்பியலில் ஆர்வம் உள்ளவன் என்று சொல்லிக்கொள்கிறவன், ஒரு கணக்குகூடப் போட்டுப் பார்க்காமல் ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறேன். சரியான பதில் என்ன என்று தேட ஆரம்பித்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. தேடல் நெடுக ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து நின்றது. சிங்கப்பூரில் அன்று தங்கம் வென்றவரின் பெயர்: ரியானன் இஃப்லாண்ட்.

யார் இவர்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், நியூகாசில் நகரத்துக்குப் பக்கத்தில் லேக் மக்குவாரி என்று ஒரு பகுதி. ரியானன் அந்த ஊர்க்காரர். 1991 அக்டோபரில் பிறந்தவர். சின்ன வயதில் டிராம்போலின், அப்புறம் சாதாரண டைவிங். நீச்சல் குளத்தில் பலகையிலிருந்தும் பத்து மீட்டர் மேடையிலிருந்தும் குதிக்கிறார்களே, அது.

இந்த விளையாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்து மீட்டர் டைவிங்கில் சிறப்பாகச் செய்தால் மாநிலம், தேசம், ஒலிம்பிக் என்று ஏணி நீள்கிறது. அந்த ஏணியில் ஏறாமல் விலகியவர்களுக்கு, கைவசம் உள்ள வித்தையை வைத்துச் சம்பாதிக்க ஒரே வழி காட்சிக் கலைதான். கேளிக்கைப் பூங்காக்கள், சொகுசுக் கப்பல்கள். ரியானனும் கப்பல்களில் நடக்கும் நீர்க் காட்சிகளில் வேலை பார்த்தார். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், இசைக்கு நடுவில், ஆடிக்கொண்டிருக்கும் கப்பலின் மேல்தளத்தில் உள்ள சின்னக் குளத்துக்குள் குதிக்க வேண்டும். பார்க்கிறவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள்.

முதலில் இதை ஒரு பின்னடைவு மாதிரி நினைத்துக்கொண்டுதான் படித்தேன். பிறகுதான் புரிந்தது, அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைத்திருக்காது. காற்று, இருட்டு, அசையும் தளம், களைப்பு எல்லாவற்றையும் தாங்கி, அதே டைவை நாள் தவறாமல் பிசகில்லாமல் செய்தாக வேண்டும். பிசகினால் மறுநாள் காட்சி இல்லை. அவர் பின்னாளில் ஜெயித்த விதத்தைப் பார்த்தால், அந்த நாள் தவறாத வேலையின் தடம் தெரிகிறது.

பத்தும் பத்தும் இருபது இல்லை

சரி, கணக்குக்கு வருவோம். பள்ளிக்கூடத்துச் சூத்திரம்தான். காற்றின் தடையை விட்டுவிடலாம், இந்த உயரங்களில் பெரிய வித்தியாசம் வராது.

10 மீட்டரிலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 50 கி.மீ. காற்றில் இருக்கும் நேரம் 1.4 விநாடி.

20 மீட்டரில் வேகம் மணிக்கு சுமார் 71 கி.மீ. நேரம் 2 விநாடி.

27 மீட்டரில் வேகம் மணிக்கு சுமார் 83 கி.மீ. நேரம் 2.35 விநாடி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உயரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காவதில்லை, வெறும் 0.6 விநாடிதான் கூடக் கிடைக்கிறது. ஆனால் உடம்பு சுமந்துகொண்டு வரும் ஆற்றல் சரியாக இரண்டு மடங்காகிவிடுகிறது. அதாவது, வித்தை காட்டக் கிடைக்கும் நேரம் கொஞ்சம் கூடுகிறது, அதற்குக் கொடுக்கும் விலை நிறையக் கூடுகிறது. ஏறக்குறைய ஆறு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து குதிக்கிற மாதிரி.

தண்ணீருக்குள் போன பிறகு என்ன ஆகிறது? உடம்பு செங்குத்தாகப் போய், மூன்று மீட்டர் ஆழத்துக்குள் வேகம் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 20-ஐ 3-ஆல் வகுத்தால், புவியீர்ப்பைப் போல சராசரியாக ஏழு மடங்கு விசை உடம்பின் மேல். தொட்ட முதல் கணத்தில் அதைவிட அதிகம். அதே ஆள் நெஞ்சோ முதுகோ தட்டையாக விழுந்து அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால்? நாற்பது மடங்கு. தண்ணீர் அதே தண்ணீர்தான். எந்தக் கோணத்தில் போய்ச் சேர்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

அதனால்தான் ஹை டைவிங் போட்டிகளில் யாரும் தலைகீழாக உள்ளே போவதில்லை. ஒலிம்பிக்கில் பார்த்த மாதிரி கையைக் கூப்பிக்கொண்டு போனால் தோளும் கழுத்தும் தாங்காமல் போகலாம். ஹை டைவிங்கில் கால்தான் முதலில். பாத விரல்கள் கீழ் நோக்கி நீண்டு, கைகள் தொடையோடு ஒட்டி, கால் முதல் கழுத்து வரை ஒவ்வொரு தசையும் இறுகி, ஓர் ஆணி மாதிரி.

இதற்கு நடுவில் மூன்று குட்டிக்கரணம் வேறு. இரண்டு விநாடியில் மூன்று சுற்று என்றால் சராசரியாக விநாடிக்கு 540 டிகிரி. சுற்றை விரித்து நிறுத்துவதில் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி பிசகினால் ஏறக்குறைய 11 டிகிரி சாய்வு. கண்ணிமைக்கும் நேரம் இதைவிடப் பல மடங்கு பெரிது.

இதைச் சமாளிக்க அவர்கள் வைத்திருக்கும் உத்திதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டைவின் கடைசிப் பகுதியில், தலை கீழே இருக்கும் நிலையிலிருந்து அரைச் சுற்று முறுக்கிக்கொண்டு கால் பக்கம் திரும்புவார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் இதை பரானி என்பார்கள். இப்படித் திரும்பும்போது கடைசி வரை தண்ணீர் கண்ணில் படும். உடம்பைக் குறுக்கினால் வேகமாகச் சுற்றும், விரித்தால் மெதுவாகும். கோண உந்தம் மாறாது என்ற விதி. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே எப்போது விரிப்பது என்று முடிவு செய்கிறார்கள். டிராம்போலினில் வளர்ந்த ரியானனுக்குக் காற்றில் தலை எங்கே கால் எங்கே என்ற உணர்வு சின்ன வயதிலேயே ஊறிப்போன ஒன்று.

தண்ணீரைக் கலக்குவது எதற்கு?

போட்டிக் காணொளிகளில் ஒன்று பார்த்திருப்பீர்கள். கீழே தண்ணீரில் மிதக்கும் மீட்புக் குழுவினர் கையால் தண்ணீரை அடித்துத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். "பரப்பு இழுவிசையை உடைக்கிறார்கள், அப்போதுதான் அடி குறையும்" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் அது சரிந்துவிடுகிறது. 20 மீட்டரிலிருந்து வருபவர் மேல் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் இரண்டு லட்சம் பாஸ்கல் அளவில் இருக்கும். அது தண்ணீரின் நிறையும் நிலைமமும் கொடுக்கும் அடி. பாதம் அளவுள்ள ஒரு பொருளுக்குப் பரப்பு இழுவிசை கொடுக்கக்கூடிய அழுத்தம் ஒரு பாஸ்கல் பக்கத்தில்தான். இரண்டு லட்சத்தில் ஒன்றைக் குறைத்து என்ன ஆகப்போகிறது?

உண்மைக் காரணம் கண். அசையாத, தெளிவான நீர்ப்பரப்பு மேலிருந்து பார்த்தால் எங்கே இருக்கிறது என்றே பிடிபடாது. சுற்றிக்கொண்டே வருபவருக்கு இன்னும் மோசம். தெளித்துக் கலக்கினால் பரப்பு இன்ன இடம் என்று கண்ணுக்குத் தெரியும், எப்போது உடம்பை விரிக்கலாம் என்று முடிவெடுக்க முடியும். அடியைக் குறைப்பதற்காக யாரும் தண்ணீரைக் கலக்கவில்லை.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீரைக் கலக்கிவிட்டால் போதும், எவ்வளவு உயரத்திலிருந்தும் குதிக்கலாம் என்று நம்பிப் பாலத்திலிருந்தும் பாறையிலிருந்தும் குதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இயற்பியல் ஆதரவு கிடையாது.

முழு டைவையும் பழகவே முடியாது

மென்பொருள்காரனுக்கு இந்தப் பகுதி நெருக்கமானது. உலகத்தில் 20 மீட்டருக்கு மேல் நிரந்தரத் தளம் உள்ள பயிற்சி இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கனடாவின் மான்ட்ரியால் ஒலிம்பிக் குளத்தில் உள்ளரங்கிலேயே 20 மீட்டர் மேடை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் 27 மீட்டர் கோபுரம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கட்டினார்கள். இடம் இருந்தாலும் ஒரு நாளில் அங்கிருந்து பத்து, இருபது தடவை குதிக்க உடம்பு இடம் கொடுக்காது.

அப்படியானால் எப்படிப் பழகுகிறார்கள்? டைவைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறார்கள். பத்து மீட்டர் மேடையிலிருந்து டைவின் முதல் பாதியை மட்டும் பழகுவார்கள். அப்புறம் அதே மேடையிலிருந்து கடைசிப் பாதியை மட்டும், கால் முதலில் போகும்படி. டிராம்போலினில் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு சுற்றுகளை மட்டும். இந்தத் துண்டுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்வது பல சமயம் போட்டி நடக்கும் இடத்தில், நிஜப் பாறையின் மேல்தான்.

எங்கள் தொழிலில் இதைச் செய்தால் திட்டு வாங்குவோம். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு, மொத்தமாக ஓட்டிப் பார்க்காமல் நேரே வாடிக்கையாளரிடம் இறக்கிவிடுவது போல. அங்கே தப்பு வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பிக்கொள்ளலாம். இங்கே தளத்தை விட்டுக் கால் எடுத்த பிறகு திரும்ப வழியே இல்லை. அதனால் துண்டுகளைச் சேர்க்கும் வேலையை மனதுக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். தளத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணை மூடிக் கையை அசைத்துக்கொண்டிருப்பார்களே, அது சும்மா இல்லை.

2016, டெக்சாஸ்

பாறையிலிருந்து குதிப்பது பழைய வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹவாயின் லானாய் தீவில், கஹெகிலி என்ற மன்னர் பாறை உச்சியிலிருந்து கடலில் கால் முதலாக, தெறிப்பில்லாமல் குதிப்பார் என்றும், தன் வீரர்களையும் அப்படிக் குதித்து வீரத்தைக் காட்டச் சொல்வார் என்றும் கதை வழங்குகிறது. மெக்சிகோவின் அகபுல்கோவில் லா கெப்ராடா பாறையிலிருந்து குதிப்பவர்கள் 1930-களிலிருந்து பேர் வாங்கியவர்கள். இரண்டு கதையிலும் ஆண்கள்தான்.

இன்றைய போட்டி வடிவம் வந்தது 2009-இல் தொடங்கிய ரெட் புல் கிளிஃப் டைவிங் உலகத் தொடரில். அதுவும் ஆண்களுக்கு மட்டும். உலக சாம்பியன்ஷிப்பில் ஹை டைவிங் நுழைந்தது 2013, பார்சிலோனாவில். அங்கே பெண்களுக்கும் இடம் இருந்தது. அமெரிக்காவின் செசிலி கார்ல்டன் முதல் தங்கம் வென்றார். 2014-இல் உலகத் தொடரும் பெண்கள் பிரிவைச் சேர்த்துக்கொண்டது. முதல் இரண்டு ஆண்டும் பட்டம் அமெரிக்காவின் ரேச்சல் சிம்ப்சனுக்கு.

2016-இல் சீசன் தொடங்கியது டெக்சாஸ் மாநிலத்தின் பாஸம் கிங்டம் ஏரியில். ஏரிக்குள் வாசல் மாதிரி நிற்கும் இரண்டு பாறைகள், பெயர் ஹெல்ஸ் கேட். அந்தத் தொடரில் சிலருக்கு வருஷம் முழுக்க நிரந்தர இடம் உண்டு. மற்றவர்கள் வைல்ட்கார்டு, அதாவது அந்தந்தப் போட்டிக்கு மட்டும் அழைப்பு. ரியானன் வந்தது வைல்ட்கார்டில். தொடரில் அவருக்கு அதுதான் முதல் போட்டி. அதிலேயே ஜெயித்தார். அந்த வருஷம் முடிந்தபோது பட்டமும் அவர் கையில்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதினால் பட்டியல் மாதிரி இருக்கும், இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். 2016, 2017, 2018, 2019, கொரோனாவால் 2020 சீசன் கிடையாது, பிறகு 2021, 2022, 2023, 2024. எட்டு சீசன், எட்டுப் பட்டம். உலக சாம்பியன்ஷிப்பில் 2017 புடாபெஸ்ட், 2019 குவாங்ஜு, 2023 ஃபுகுவோகா, 2024 தோஹா, 2025 சிங்கப்பூர் என ஐந்து தங்கம். உலகத் தொடரில் பெண்கள் பிரிவு தொடங்கியதிலிருந்து 2024 வரை பட்டம் வென்றவர்கள் இரண்டே பேர்: சிம்ப்சன், அப்புறம் ரியானன். ஜெயிப்பவருக்குக் கொடுக்கும் கோப்பைக்கு அந்த ஹவாய் மன்னர் கஹெகிலியின் பெயர். வீரர்களின் வீரத்தைச் சோதித்த மன்னரின் பெயரில் உள்ள கோப்பை, 2024 வரை எட்டு தடவை கப்பலில் காட்சி நடத்திய ஒரு பெண்ணிடம் போயிருக்கிறது.

எதிரில் ஆள் இல்லாமல் வந்த வெற்றிகளும் இல்லை. மெக்சிகோவின் அத்ரியானா ஹிமெனெஸ் 2017-இலும் 2019-இலும் உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. கனடாவின் மாலி கார்ல்சன் 2023-இலும் 2024-இலும் வெள்ளி. கார்ல்சன் தன் மனப்பதற்றத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, அதற்காகவே இளம் பெண்களிடையே பெரிய ஆதரவு பெற்றவர். இப்படிப்பட்டவர்களுக்கு எதிராகத்தான் ஒவ்வொரு வருஷமும் முதலிடத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

ஒரு வருஷத்தில் ஒரு நிமிஷம்

2019 சீசனில் ஏழு போட்டி. ஏழிலும் அவர்தான் முதல். ஒரு போட்டிக்கு நாலு டைவ், ஒரு டைவுக்கு இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால், அந்த வருஷம் முழுக்க அவர் போட்டியில் காற்றில் இருந்தது 56 விநாடி. ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த 56 விநாடியில் ஒரு விநாடி பிசகியிருந்தாலும் ஏழுக்கு ஏழு வந்திருக்காது.

மதிப்பெண் முறையும் பிசகை மன்னிக்காது. உலகத் தொடரில் ஐந்து நடுவர்கள், அரை அரை மதிப்பெண்ணாகப் பத்து வரை போடுவார்கள். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள மூன்றைக் கூட்டி, டைவின் கடின எண்ணால் பெருக்குவார்கள். உதாரணமாக 7.5, 8, 8.5, 8.5, 9 என்று வந்தால் நடு மூன்றும் சேர்ந்து 25. கடின எண் 3.8 என்றால் 95 புள்ளி. கடினமான டைவாகத் தேர்ந்தெடுத்துச் சொதப்பினால் பெருக்கலில் அடி விழும். எளிதான டைவைச் சுத்தமாகச் செய்தாலும் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது. கடினம், சுத்தம் இரண்டும் நாலு சுற்றும் கைவிடாமல் இருப்பவர்தான் ஜெயிக்க முடியும்.

இதெல்லாம் ஒரே மாதிரி இடத்தில் நடந்தால் பரவாயில்லை. இத்தாலியின் பொலிஞ்ஞானோ அ மாரேயில் குதிக்கும் தளம் ஒரு வீட்டின் மாடியில் இருக்கிறது. போட்டியாளர்கள் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறை வழியாக ஈரக் காலோடு நடந்துபோய்த்தான் குதிக்க வேண்டும். போஸ்னியாவின் மோஸ்தாரில் ஆற்றின் மேல் நிற்கும் பழைய கல்பாலம். போர்த்துகலின் அசோர்ஸ் தீவுகளில் சில டைவ்கள் மேடையே இல்லாமல் நேரே பாறையிலிருந்து. பாஸ்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் கூரை. ஒவ்வொரு இடத்திலும் காற்று வேறு, வெளிச்சம் வேறு, தண்ணீரின் நிறம் வேறு. கப்பலில் கற்ற பாடம் இங்கேதான் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது மகளின் கேள்வி

"அடி தாங்காது" என்றேன் இல்லையா? அதைச் சோதித்துப் பார்ப்போம்.

20 மீட்டருக்கும் 27 மீட்டருக்கும் ஆற்றலில் வித்தியாசம் 35 சதவீதம். நிச்சயமாகப் பெரிய விஷயம். ஆனால் பெண் உடம்பு 20-இல் தாங்கும், 27-இல் தாங்காது என்று கோடு போடும் இயற்பியல் விதி எதுவும் கிடையாது. அதற்குச் சாட்சி 1985-லேயே இருக்கிறது. அமெரிக்காவின் லூசி வார்டில், ஹாங்காங் ஓஷன் பார்க்கில் 36.8 மீட்டர் உயரத்திலிருந்து டைவ் அடித்துப் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். சிங்கப்பூரில் ஆண்கள் குதித்த தளத்தைவிட ஏறக்குறைய பத்து மீட்டர் அதிகம். தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 95 கி.மீ. அளவில் இருந்திருக்கும். நான் என் மகளுக்குச் சொன்ன பதில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே பொய்யாகிவிட்டது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாதனைக்காக ஒரே ஒரு தடவை குதிப்பது வேறு. மூன்று சுற்றும் முறுக்கும் வைத்து, ஒரு போட்டிக்கு நாலு தடவை, வருஷத்துக்கு ஆறேழு போட்டி என்று பல வருஷம் குதிப்பது வேறு. உயரம் கூடக்கூடச் சின்னப் பிசகுக்கும் காயம் பெரிதாகும். பாதுகாப்புக்காக ஓர் உயரத்தை வரம்பாக வைப்பது நியாயம்தான். ஆண்களும் 27 மீட்டருக்கு மேல் சாகசத்துக்காகக் குதித்தவர்கள்தான். போட்டியில் 27 என்று நிறுத்திக்கொண்டார்கள். ஆக 27-ம் ஒரு தேர்வு, 20-ம் ஒரு தேர்வு. நெடுஞ்சாலையில் எழுதிவைக்கும் வேக வரம்பு மாதிரி. அந்த வரம்பு காரின் திறனைச் சொல்வதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தேர்வாக வைத்த எண்ணைக் கொஞ்ச நாளில் நாமே இயற்கை விதி என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம். என் வேலையில் தினமும் பார்ப்பதுதான். யாரோ ஒருவர் பத்து வருஷத்துக்கு முன்பு அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை எழுதிவைத்திருப்பார். புதிதாக வருகிறவர் கேட்டால், "அதுக்கு மேல போனா சிஸ்டம் தாங்காது" என்போம். சோதித்தா பார்த்தோம்? கிடையாது. மகளுக்கு நான் சொன்னது அதே பதில்.

இன்னொன்று. ஆண்களுக்குக் கூடுதல் ஏழு மீட்டரில் 0.33 விநாடி அதிகம் கிடைக்கிறது. ஏறக்குறைய அரைச் சுற்றுக்கு உதவும் நேரம் அது. அதனால் ஆண்களின் கடின எண்கள் பெரிதாக இருக்கும், புள்ளிகளும் பெரிதாக இருக்கும். பார்க்கிறவர், "பெண்கள் செய்வது எளிது" என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அதே மூன்று சுற்றை இரண்டு விநாடிக்குள் முடித்து, நேராக நின்று தண்ணீருக்குள் போவது, நேரம் கூட இருப்பவரின் மூன்று சுற்றைவிட இறுக்கமான வேலை.

பதக்கம் இல்லாத உச்சி

ரியானன் இந்த விளையாட்டில் தொடாத பெரிய மேடை ஒன்று உண்டு, ஒலிம்பிக். அவர் தோற்றதால் இல்லை. ஒலிம்பிக்கில் ஹை டைவிங் இதுவரை சேரவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலிலும் இல்லை. பத்து மீட்டரில் வெண்கலம் வாங்கினால் ஊருக்கே பெயர் தெரியும். இருபது மீட்டரில் ஐந்து தடவை உலக சாம்பியன் ஆனாலும், விளையாட்டுச் செய்தி தவறாமல் படிக்கும் என்னைப் போன்றவனுக்குக்கூட ஜூலை வரை பெயர் தெரியாது. ஒலிம்பிக் இல்லையென்றால் பல நாடுகளில் அரசுப் பணம் வருவது கடினம். பணம் இல்லாவிட்டால் கோபுரம் கிடையாது, கோபுரம் இல்லாவிட்டால் புதிதாக வருகிறவர்களும் குறைவு. ஒரு குளிர்பான நிறுவனத்தின் விளம்பரப் பணத்தில் ஒரு விளையாட்டின் உச்சி நிற்கிறது. அது நல்லதா கெட்டதா என்று பேசலாம், ஆனால் அது இல்லாவிட்டால் ரியானன் இன்னும் கப்பலில்தான் குதித்துக்கொண்டிருந்திருப்பார்.

சிங்கப்பூரில் ஜெயித்தபோது அவருக்கு 33 வயது. பேட்டிகளில் அவர் மறைக்காமல் சொல்லும் விஷயம், பயம் இன்னும் போகவில்லை என்பது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் தளத்தின் விளிம்புக்குப் போனால் பயம் வருகிறதாம். முதலில் இதைத் தன்னடக்கம் என்று நினைத்தேன். கணக்குப் போட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை. இரண்டு விநாடி, 71 கி.மீ. வேகம், 11 டிகிரி பிசகு. இதெல்லாம் தெரிந்த ஒருவருக்குப் பயம் வராமல் இருந்தால்தான் ஆபத்து. பயத்தை வைத்துக்கொண்டே விளிம்பில் முதுகைக் காட்டி நின்று, எண்ணி, குதிக்கிறார். குதித்து முடித்து மேலே வந்ததும் மீட்புக் குழுவைப் பார்த்துக் கையால் "நான் நல்லா இருக்கேன்" என்று சைகை காட்ட வேண்டும். மதிப்பெண் பலகையைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். லூசி வார்டில் கதையையும், 0.33 விநாடிக் கணக்கையும், 20 என்பது யாரோ எடுத்த முடிவுதான் என்பதையும்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ அன்னைக்கு சும்மா அடிச்சு விட்டியா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.